கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே

கல்லறைக்குக் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. ஒரு காலில் மட்டும் கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு, லிபுஷா சமையலறைத் தரையில் மண்டியிட்டு இஸ்திரிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் அப்பா போட்டிருந்த பென்சில் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது அது. ஜன்னல் வழியாக நவம்பர் குளிர் நேராக வந்து அவள் கழுத்தில் உட்கார்ந்தது.

இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் ஒரு பை இருந்தது. ரப்பர் மழைக்கோட்டுத் துணியில் தைத்த பை. உள்ளே இருந்தது அப்பாவின் மூச்சு.

புதன்கிழமை சாப்பாடு முடிந்ததும் அப்பா வெண்டலின் அதை வாயால் ஊதி நிரப்பி, பையின் வாய்த் திருகை முறுக்கி மூடி, மேலே இஸ்திரிப்பெட்டியை ஏற்றி, அதன் உயரத்துக்குச் சுவரில் கோடு கிழித்தார். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இது கோட்டுல நின்னா, ஞாயித்துக்கிழமை குவாரித் தண்ணியில இறங்குறேன்" என்றார். பல் தேய்த்தார், படுத்தார். வியாழன் காலை எழுந்திருக்கவில்லை. அறுபத்தெட்டு வயது. இதயம் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நின்றுவிட்டது.

விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி கொடுக்கிற முக்குளிப்புக் கருவி அது. நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அவர் பால் ஆலையில் குழாய் வேலை பார்த்தவர் என்பதால் கருவியின் உடம்பு ஒரு பால் கேன். அதற்குள் கெட்ட காற்றை உறிஞ்ச சுண்ணாம்புக் குருணை. குழாய்கள் பழைய ராணுவ முகமூடியில் கழற்றியவை. பை மட்டும் அம்மா பிலஜேனாவின் தையல். இந்தக் கருவி குமிழி விடாது. குமிழி வராவிட்டால் மீன் ஓடாது. மீனுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதரின் ஆசை.

முதல் இரண்டு பைகளும் கசிந்தன. "உன் தையல்" என்பார் அவர். "உங்க பசை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!" என்பாள் அம்மா. இரண்டு குளிர்காலம் இந்தச் சண்டையிலேயே போனது. அந்த வீட்டில் அதைவிடச் சந்தோஷமான குளிர்காலம் எதுவும் லிபுஷாவுக்கு நினைவில்லை.

"என்னடி பாக்குற?"

அம்மா கறுப்புத் துண்டைத் தலையில் கட்டியபடி வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

லிபுஷா நகர்ந்து மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை. அம்மா கோட்டைப் பார்த்தாள், இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ உங்கப்பன் சொன்னதுதான் சரி. என் தையல்தான்." மூன்று நாளாக அழாதவள் இப்போது கண்ணைத் துடைத்தாள். "ஓல்தா மாமாகிட்ட குடுத்துடு, பழைய இரும்போட போடட்டும். அப்பாவுக்குப் பதிலா நீ இறங்கறேன்னு சொன்னியாமே? கேள்விப்பட்டேன். இறங்கக் கூடாது."

இறங்க வேண்டும் என்று லிபுஷாவுக்கு உயிரே துடித்தது. அப்பாவின் இரண்டு வருஷம் இரும்புக் குவியலில் கிடப்பதா? ஆனால் கல்லறைக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு ஷூவைத் தேடினாள்.

அடக்கம் நல்லபடியாக நடந்தது. ஊதுகுழல்காரர்கள் மழையில் நனைந்துகொண்டே வாசித்தார்கள். முக்குளிப்புக் கிளப்பின் தலைவர் ஓல்தா, சவப்பெட்டி குழிக்குள் இறங்கும்போது, தண்ணீரில் முங்குகிறவரிடம் சொல்வதுபோல, "மெதுவாடா, காது அடைக்கப் போகுது" என்றார். பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீடு திரும்பியதும் அம்மா முதல் வேலையாக ஜன்னலை மூடினாள். உயிர் வெளியே போக ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடக்கம் முடியும்வரை மூடக் கூடாது, அடுப்பும் பற்றவைக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். இப்போது அடுப்பில் கட்டைகளை அடுக்கி, கூலாஷ் கறிக்குழம்பு அண்டாவை ஏற்றினாள். இருபது பேர் சமையலறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பிளம் சாராயம் சுற்றி வந்தது.

"குளியல் தொட்டியில சோதிச்சாரே, ஞாபகம் இருக்கா?" என்றார் ஓல்தா. "கேனுக்குள்ள தண்ணி பூந்து, சுண்ணாம்புக் கஞ்சியா வாய்க்குள்ள வந்துச்சு!"

"வாய் வெந்து மூணு நாள் பேசல மனுஷன்" என்றாள் அம்மா. "நாப்பது வருஷத்துல எனக்குக் கெடச்ச நிம்மதியே அந்த மூணு நாள்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடி திரும்பிய லிபுஷாவின் கையில் தட்டு அப்படியே நின்றது.

"அம்மா, இங்க வாயேன்."

இஸ்திரிப்பெட்டி மறுபடி ஏறி, கோட்டில் நின்றது.

"யாராவது ஊதுனீங்களாடா?" என்று அம்மா அதட்டினாள். யாரும் ஊதவில்லை.

"ஜன்னல்மா! மூணு நாள் குளிர்ல உள்ள இருந்த காத்து சுருங்கிடுச்சு. இப்போ சூடு ஏறினதும் விரிஞ்சிடுச்சு. கசியவே இல்ல!"

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தாள். தையலை ஓரம் ஓரமாக விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து, அலமாரியில் இருந்த வெண்டலினின் படத்தைப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? இப்போ சொல்லுங்க, யார் தையல்?"

கிளப்பே மேஜையைத் தட்டி ஆர்ப்பரித்தது.

"அப்புறம் என்ன, நாளைக்கு இறங்கிட வேண்டியதுதான்" என்று ஓல்தா எழுந்தார். "காத்தைத் திறந்து விட்டுட்டு, பையைக் கேன்ல மாட்டி, சுண்ணாம்பை நிரப்பி வச்சிடறேன்." திருகின் மேல் கை வைத்தார்.

அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடுங்க, ஓல்தா."

அம்மா அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, மிச்சமிருந்த மழைக்கோட்டுத் துணியையும் கத்தரிக்கோலையும் எடுத்தாள். கூலாஷ் தட்டுகளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு மேஜையில் துணியை விரித்தாள்.

"புதுசு எதுக்கு பிலஜேனா? அந்தப் பைதான் நல்லா நிக்குதே!"

"அது காலியா இல்ல" என்றாள் அம்மா. "லிபுஷா, அந்தப் பசையை எடு. இத நீ ஊதணும். மூணு நாள் நிக்கட்டும், அடுத்த ஞாயிறு இறங்கு."

விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் உள்ளே வந்தது. இஸ்திரிப்பெட்டி கோட்டிலிருந்து ஒரு நூல் இறங்கியது. அம்மா தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கையை மட்டும் நீட்டி, அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டாள்.