இடையில் எதுவுமில்லை எனக் கொள்க

கணக்கு டீச்சர் தமிழ்செல்வியிடம் வாதாடி ஜெயித்தவர் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் யாரும் கிடையாது. ஜெயித்து ஜெயித்தே தனியாய்ப் போனவள் என்று தலைமையாசிரியை முதுகுக்குப் பின்னால் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதான். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத ஒருத்தியைப் பற்றி ஊர் எதையாவது சொல்லத்தானே செய்யும்.

அவளுக்குச் சரிக்குச் சரி நின்றவர் இயற்பியல் ஆசிரியர் புகழேந்தி ஒருவர்தான். மனைவியை இழந்தவர், அவரும் தனிக்கட்டை. மத்தியானம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், இருவருக்கும் சண்டை ஆரம்பமாகிவிடும்.

"கணக்கு இல்லன்னா உங்க பிசிக்ஸ் ஒரு அடி நகருமா சார்?"

"நகராது மேடம், ஒத்துக்கறேன். ஆனா உங்க கணக்கு வாசப்படி தாண்டி வந்து எட்டிப் பாக்கறதே இல்லியே. வெயில்ல அலையறது நாங்கதான?"

"அலைஞ்சி பாத்துட்டு வந்து எங்ககிட்டதான கேக்கறீங்க, இது சரியான்னு?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே தன் டப்பாவிலிருந்த வேர்க்கடலைத் துவையலை அவள் பக்கம் நகர்த்துவார். அந்த அரை மணி நேரத்துக்காகவே அவள் மற்ற பாடவேளைகளை ஓட்டினாள் என்று சொன்னால் தப்பில்லை. அதை மட்டும் அவள் யாரிடமும், தன்னிடமும்கூட, ஒத்துக்கொண்டதில்லை.

கார்த்திகையில் புகழேந்திக்கு வேலூர் பக்கம் மாறுதல் வந்தது. தீபம் முடிந்த மறுநாளே கிளம்புவதாகச் சொன்னார். அன்றைக்குத் துவையலை நகர்த்தியபடியே மெல்லக் கேட்டார்.

"தீபத்தன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டு மாடிக்கு வாங்களேன் மேடம். மலை நல்லா தெரியும். தங்கச்சியும் வருது."

'வரேன் சார்' என்றால் முடிந்தது. சுற்றிலும் பத்துக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை. வெட்கம் வந்தால் சிலர் முந்தானையைத் திருகுவார்கள். இவள் சாக்பீஸை எடுத்தாள்.

"எதுக்கு சார்? எங்க வீட்டு மாடிலேர்ந்தே தெரியுமே."

"ஏறிப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன?"

கரும்பலகையில் மலையின் உயரத்தைப் போட்டாள். ஊருக்கும் மலைக்கும் உள்ள தூரத்தைப் போட்டாள். முக்கோணம் வரைந்து, பூமி உருண்டை என்பதால் எவ்வளவு மறையும் என்பதைக்கூடக் கழித்தாள். ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கப்படி முதல் வரியில் எழுதினாள்: இடையில் எதுவுமில்லை எனக் கொள்க. கடைசி வரியில் 'தெரியும்' என்று எழுதி அடிக்கோடிட்டாள். மற்ற டீச்சர்கள் கைதட்டினார்கள்.

புகழேந்தி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "கணக்குல தப்பே இல்ல மேடம்" என்றார். டப்பாவை மூடி பையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

வாடகைக்கு வந்து ஆறு மாதமாகியும் அவள் அந்த மாடியில் கால் வைத்ததில்லை. துணி காய வைக்கக் கொல்லைப்புறமே போதும். மாடிச் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிரூபித்துவிட்ட ஒன்றைப் போய்ப் பார்ப்பது அவளைப் பொறுத்தவரை அவமானம். தீபத்தன்று சாயங்காலம்தான் சாவியை எடுத்தாள்.

போன வருஷம் அம்மா இறந்துபோனதால் பண்டிகை இல்லை; தனியாக அவள் வைக்கும் முதல் தீபம் இது. அகல்களில் எண்ணெய் விட்டு, திரி போட்டு, தட்டோடு மேலே ஏறினாள். மலையில் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். அம்மா அதில் மகா கறார்.

மாடியேறி மலை இருக்கும் திசைக்குத் திரும்பினாள். எதிரே ஒரு சுவர் நின்றது.

அடுத்த தெருவில் ஆவணியில் திறந்த கல்யாண மண்டபம். மூன்று மாடி, அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். எக்கிப் பார்த்தாள். மலை இருந்த இடத்தில் மண்டபம்தான் இருந்தது. அத்தனை பெரிய மலையும் இத்தனை தூரத்தில் அவ்வளவு தாழ்வாகத்தான் தெரியும் என்று அவள் கணக்கே சொல்லியிருந்தது. அதை மறைக்கப் பக்கத்துத் தெருச் சுவர் ஜாஸ்தி.

ஆறு மணிக்கு ஊரெங்கும் "அரோகரா" என்று சத்தம் எழுந்தது. வெடி வெடித்தது. சுற்றியிருந்த மாடிகளில் குடும்பம் குடும்பமாக நின்றவர்கள் அகல் ஏற்றத் தொடங்கினார்கள். மலையில் தீபம் ஏறிவிட்டது என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டாம். இருந்தும் அவளுக்குத் தீக்குச்சியைக் கிழிக்கக் கை வரவில்லை. ஊர் முழுக்க வெளிச்சமாக, இவள் மாடி மட்டும் இருட்டாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூடத் தானாகக் கூப்பிடாத எண்ணைப் போனில் அழுத்தினாள்.

"சார்... தீபம் ஏத்திட்டாங்களா?"

"ஏத்திட்டாங்க மேடம். பளிச்சினு எரியுது." கொஞ்சம் பொறுத்து, "மண்டபம் மறைக்குதா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம கிளார்க் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதான் வரல. சாப்ட்டுட்டு மண்டபத்து மாடிக்குப் போனேன். மலையப் பாத்து நின்னா உங்க வீடு முதுகுக்கு நேரா பின்னால இருக்குது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார். போர்டுல எழுதும்போதே."

அவர் மெல்லச் சொன்னார்: "சொல்லியிருந்தா வந்திருப்பீங்க மேடம். தீபம் பாக்க மட்டும் வந்திருப்பீங்க."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விளக்கு ஏத்திட்டீங்களா?" என்றார்.

"பாக்காம எப்படி சார் ஏத்தறது?"

"நான் பாத்துட்டுதான் இருக்கேன். நீங்க ஏத்துங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வோர் அகலாக ஏற்றினாள். கடைசித் திரி பற்றியதும், வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் கூட்டிக் கழிக்காமல் கேட்டாள்.

"தீபம் நாளைக்கும் எரியுமே சார். நாளைக்கு வரட்டுமா?"

"காலையில சாமான் வண்டி வருது மேடம்."

"ஆமா, சொன்னீங்க" என்றாள்.

அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் பிள்ளைகள் மத்தாப்புக்கு அடித்துக்கொள்வது கேட்டது. தங்கச்சியாகத்தான் இருக்க வேண்டும், "அண்ணே, சாப்பிட வா" என்று கூப்பிட்டது. அவர் பதில் சொல்லாததும் கேட்டது.