இடது கெண்டைக்கால்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சினான். துணியை மெஷினில் போட்டான். சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டான். போக இடம் ஒன்றுமில்லை என்பது பொத்தான் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மனைவி இறந்து இன்னும் மாதம்கூட ஆகவில்லை. குடும்ப மருத்துவப் பயிற்சியின் கடைசிப் பரீட்சையை முடித்த கையோடு, மாடிப்படியில் சுருண்டு விழுந்தாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது என்றார்கள்.

அன்று இரண்டு டாக்டர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் நாலு தெரு தள்ளி கிளினிக் நடத்தும் பெரியவர். அவளைப் பங்குதாரராகக் கூப்பிட்டிருந்தார். இன்னொருவர் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் தலைமை டாக்டரம்மா. அவரும் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். இருவருக்கும் அவள் சொன்ன பதில், "யோசிச்சுச் சொல்றேன்." அவனிடமும் அதேதான். அவள் என்னவாக ஆசைப்பட்டாள் என்பது மட்டும் தெரிந்துவிட்டால், நினைத்துக்கொள்ள ஒரு பிடி கிடைக்கும் போலிருந்தது அவனுக்கு.

"எங்கிட்டதான் வந்திருப்பா தம்பி," என்றார் பெரியவர். "நோயாளியோட குடும்பமே அவளுக்குத் தெரியணும். இந்தம்மா வார்டுல ஒருத்தன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்குள்ள அடுத்தவன் வந்துடுவான்."

"உங்க கிளினிக்ல சளி, இருமல் பார்த்தே துருப்பிடிச்சுப் போயிருப்பா சார்."

டீ கொண்டுவந்த மாமியார், "பொண்ணு கேட்டு வந்த ரெண்டு வீட்டுக்காரங்க மாதிரியில்ல அடிச்சுக்கிறீங்க," என்றார். சிரிக்கப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நேர்காணல்ல என்னையே கேள்வி கேட்டவ அவ," என்றார் டாக்டரம்மா. "ஒரு பேஷண்ட், முப்பது வயசு, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, படியேறினா மூச்சு வாங்குது, என்ன செய்வீங்கன்னு."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இடது கெண்டைக்காலா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"எங்கிட்டயும் கேட்டா. இன்னைக்கே ஸ்கேனுக்கு அனுப்பும்மா, உயிருக்கே உலை வெச்சிடும்னு சொன்னேன்."

"நானும் அதையேதான்..."

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. டாக்டர்கள் தங்கள் நோவை அப்படித்தான் கேட்பார்கள், யாரோ ஒரு நோயாளிக்கு என்று. இவர்கள் இருவருமே ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவர்கள்தான். ஆனால் வேலைக்கு வந்த பெண் தங்களைச் சோதிக்கிறாள் என்று நினைத்து, சரியான விடை சொன்ன பெருமையில் இருந்துவிட்டார்கள்.

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்கு முன் அந்தக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துத்தான் படித்தாள். உட்கார்ந்தே இருந்ததில் பிடித்துக்கொண்டது என்றாள். டாக்டரே சொல்லும்போது அவன் எங்கே மறுத்துப் பேச?

மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? மாப்பிள்ளை, எந்த வேலைன்னு உங்ககிட்டயாவது சொன்னாளா?"

கேட்டிருந்தான். கடைசிப் பரீட்சைக்குக் கிளம்பிய அன்று காலை அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது, கிளினிக்கா வார்டா, இன்றைக்காவது சொல்லேன் என்று கேட்டிருந்தான். அவள் நிமிராமலே பதில் சொன்னாள்.

"இருப்பா, சாயங்காலம் ஒரு பேஷண்டை ஸ்கேனுக்கு அனுப்பணும். அது முடியட்டும்."