பதினொரு மூடிகளும் ஒரு சோபாவும்

1.

"இந்த மூடியெல்லாம் யாரு கழுவினது? பளபளன்னு இருக்கே."

ஓவிய ஆசிரியை மிஸ் கே என்னிடம் இப்படிக் கேட்டது ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு. பாராட்டத்தான் கேட்டார். "நான்தான்" என்று சொல்லியிருந்தால் போதும். அடுத்ததாக, "எந்த மூடி எந்த டப்பாவோடதுன்னு பார்த்து வச்சியா?" என்று கேட்டிருப்பார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நீங்களும் இதைப் படிக்காமல் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அங்கே துப்புரவு வேலை பார்க்கிற நான் தோளைக் குலுக்கிவிட்டுத் துடைப்பக் கட்டையோடு தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு மூன்று மாதம் தாமதமாக வருகிற பதில்தான் இந்தக் கதை.

(பக்க ஓரத்தில் ஆங்காங்கே பென்சில் எழுத்து வரும். அது என்னுடையது இல்லை. யாருடையது என்று ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: "தெற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் வாரிங்கா ஊரைச் சுற்றிலும் பார்லி வயல்கள் பொன்னிறத்தில்—"

வேண்டாம். ஆகஸ்டில் இங்கே குளிர்காலம், பார்லி பச்சையாக இருக்கும். இந்த ஊரில் யார் படித்தாலும் இந்த இடத்திலேயே நோட்டை மூடிவிடுவார்கள்.

இரண்டாம் முயற்சி: "ஒரு ஊரில் ஓர் ஓவிய ஆசிரியை இருந்தார்—"

ஒரு ஊரில் இல்லை, ஐந்து ஊரில். அவருடைய பிரச்சினையே அதுதான். தீயா கலோஜெராஸ், அடிலெய்டு நகரத்துக்காரர். அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை இல்லாததால் வந்த முதல் நாளே மிஸ் கே ஆகிவிட்டார். ஆறு வருடத்தில் இது ஐந்தாவது பள்ளிக்கூடம். எல்லாமே ஒரு வருட ஒப்பந்தம், அதிகம் போனால் இரண்டு. முதல் பள்ளியில் ஓவியத்தோடு கணக்கும் எடுக்கச் சொன்னார்கள். இரண்டாவதில் அவருக்கு அறையே கிடையாது. சாயமும் தாளும் ஒரு தள்ளுவண்டியில், வகுப்பு வகுப்பாகத் தள்ளிக்கொண்டு போனாராம். படிக்கட்டு வந்தால் இரண்டு பிள்ளைகள் முன்சக்கரத்தைத் தூக்குவார்களாம். மூன்றாவதில் நீச்சல் குளத்துக்கும் காவல். நான்காவதில் அறை இருந்தது, தண்ணீர்க் குழாய் இல்லை. எங்கள் பள்ளியில் அறைக்குள்ளேயே குழாயோடு இரண்டு தொட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த வேலையில இதுக்குப் பேருதான் பதவி உயர்வு" என்றார்.

வாடகை வீட்டில் அவருக்கு மடக்கு நாற்காலிகள் மட்டும்தான். வேலை நிரந்தரமானால் சோபா வாங்குவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். பச்சை சோபா.

[பென்சிலில்: மஞ்சள்.]

அந்த சோபாவுக்கு வழி இதுதான்: எட்டாம் வகுப்பில் பதினைந்து பேர் அடுத்த வருடத்துக்கு ஓவியத்தை விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும். எடுத்தால் வேலை நிரந்தரம். பதினான்கு என்றால் ஓவியப் பாடமே கிடையாது, மிஸ் கே ஆறாவது ஊர் தேடிப் போக வேண்டியதுதான். தலைமையாசிரியர் மிஸ்டர் ட்ரென்கோவ் நல்லவர். இதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் பதினைந்து என்றால் பதினைந்துதான்.

3.

இந்தக் கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும் என்று நினைத்து லேனியை அப்படித்தான் எழுதினேன். எட்டாம் வகுப்பு, நெட்பால் அணித் தலைவி, சூயிங்கம்மைப் பெஞ்சுக்கு அடியில் ஒட்டுகிறவள். (அதைச் சுரண்டுவது நான்.) இரண்டு பக்கம் எழுதியபின் அடித்துவிட்டேன். கெட்டவளாக இருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவள் அப்படி இல்லை.

லேனி எதைத் தேர்ந்தாலும் அவளோடு நான்கு பேர் சேர்ந்து தேர்வார்கள். அவள் குதிரைவால் போட்டால் மறுநாள் ஐந்து குதிரைவால். ஓவியத்துக்கு வருகிறேன் என்று மிஸ் கேயிடம் வாய்விட்டுச் சொன்னவர்கள் பத்துப் பேர். லேனி கூட்டம் ஐந்து. கூட்டிப் பாருங்கள்.

அவள் களிமண்ணில் ஒரு குவளை செய்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இருபது வருடமாகத் தேநீர் குடித்த கால்பந்து கிளப் குவளையை அவளே போட்டு உடைத்திருந்தாள். அது கருநீலம். புதியதும் கருநீலமாகவே இருக்க வேண்டும், அப்பாவின் பிறந்தநாளுக்குள். கைப்பிடி மூன்று முறை கழன்று விழுந்தது. நான்காவது முறை நின்றபோது சூயிங்கம்மையே விழுங்கிவிட்டாள்.

[பென்சிலில்: ஐந்தாவது முறை. நான் பக்கத்திலயே இருந்தேன்.]

4.

மூடிகள்.

ஒரு வடிவம்: ஜன்னல் வழியாக ஒரு காக்கட்டூ கிளி புகுந்து மூடிகளைக் கொத்திக் கலைத்துவிட்டது.

இன்னொன்று: பலத்த காற்று—

இல்லை. நானே செய்தேன். மண்பாத்திரத்துக்குப் பூசும் மெருகுப்பூச்சு பதினொரு வெள்ளை டப்பாக்களில் இருந்தது. நிறத்தின் பெயர் மூடியில் மட்டும். மூடிகளெல்லாம் வழிந்து காய்ந்து பொருக்குத்தட்டிக் கிடந்தன. பார்க்கச் சகிக்காமல் பதினொன்றையும் கழற்றித் தொட்டியில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். பெயர்கூட அழியாமல் நன்றாக வந்தன. பிறகு கைக்கு வந்த டப்பாவில் திரும்பப் போட்டேன்.

சூளைக்குப் போகும்முன் எல்லாப் பூச்சும் ஒரே நிறம், பாத்திரம் கழுவிய தண்ணீர்போல. கருநீலமும் அப்படித்தான், மரப்பட்டைப் பழுப்பும் அப்படித்தான். சூளையில் வெந்த பிறகுதான் எது எது என்று தெரியும். இது எனக்குத் தெரியாது. ஓவியம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். நான் படித்தபோது இங்கே ஓவியப் பாடம் கிடையாது. பத்தாம் வகுப்பில் நானும் நின்றுவிட்டேன். (அதைப் பற்றி வேறு ஒரு நோட்டு இருக்கிறது. இதில் அது வராது.)

5.

சூளையைத் திறந்த அன்று வகுப்பே அதைச் சுற்றி நின்றது. நான் பின்னால் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கண்ணாடியை, அரைமணி நேரமாக.

முதலில் வந்த வெள்ளைப் புறா கறுப்பாக இருந்தது. மஞ்சள் எலுமிச்சை பச்சையாக வந்தது. ஒரு சிவப்பு டிராக்டர் ஊதா நிறத்தில் வந்தபோது அதைச் செய்தவனே விழுந்து விழுந்து சிரித்தான். பெரும்பாலோருக்குக் கொண்டாட்டம்தான். யாருடையது எவ்வளவு கெட்டுப்போனது என்று போட்டி வைத்தார்கள்.

கடைசியில் லேனியின் குவளை. பழுப்பு. கழுத்திலிருந்து திட்டுத்திட்டாக வழிந்திருந்தது.

"மிஸ், இது மாட்டுச் சாணி மாதிரி இருக்கு," என்றாள். "நாளைக்கு எங்கப்பா பிறந்தநாள்."

மிஸ் கே சூளைக்குள் பார்த்தார், டப்பாக்களைப் பார்த்தார், பளபளக்கும் மூடிகளைப் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கணம் என் முதுகை. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது.

"மூடியை மாத்திப் போட்டுட்டேன்," என்றார் வகுப்பைப் பார்த்து. "என் தப்புதான். மன்னிச்சுக்கோ லேனி."

லேனி குவளையை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனாள். நான்கு பேர் பின்னால் போனார்கள். மிஸ்டர் ட்ரென்கோவிடமும் மிஸ் கே அதையேதான் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

(இந்தப் பகுதியில் பென்சில் எழுத்து எதுவும் இல்லை.)

6.

இந்த இடத்தில் கதையைச் சிரிக்க வைக்க வேண்டும். நல்லவேளை, அக்டோபரில் ஊர்க் கண்காட்சி வந்தது.

பள்ளிக்கூடப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தே ஆக வேண்டும். மார்ச்சிலேயே பெயர் கொடுத்தாகிவிட்டது. மண்பாண்டத்துக்கு நடுவராக வரவேண்டியவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. ஆகவே நாற்பது வருடமாகக் கேக் பிரிவுக்குத் தீர்ப்புச் சொல்லும் மிஸஸ் பெங்கெலியிடம் இதையும் கொடுத்துவிட்டார்கள். அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார், தட்டினார், முகர்ந்தார். கறுப்புப் புறாவுக்கான அட்டையில் "கொஞ்சம் அதிகம் வெந்துவிட்டது" என்று எழுதினார். லேனியின் குவளையை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அதன் அட்டை: "அடி சீராக இருக்கிறது. கைப்பிடி உறுதி. நிறம் நன்றாக ஊறிய பழக்கேக்." முதல் பரிசு.

எங்கள் ஊரில் முதல் பரிசுக்கு நீல ரிப்பன்.

"நான் நீலம் கேட்டது குவளையில," என்றாள் லேனி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குவளை ரிப்பனோடு பள்ளி அலமாரிக்கே திரும்பி வந்தது. அடுத்த வருடம் மரவேலை எடுக்கப்போவதாக அவள் தாழ்வாரத்தில் சொன்னதை நான் கேட்டேன். குப்பைத் தொட்டி காலி பண்ணுகிறவள் காதில் எல்லாம் விழும். "அங்க சார் பேரையாவது சரியான டப்பாவுல எழுதுவாரு," என்றாள்.

7.

இதுவரை உள்ள பகுதிகளை எழுதியதும் நோட்டை வழக்கம்போல டாய்லெட் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் வைக்கப் போனேன். போகிற வழியில் மிஸ் கேயின் மேசையில் எட்டாம் வகுப்பு ஓவிய நோட்டுகள் திருத்துவதற்காக அடுக்கியிருந்தன. நடுவில் செருகிவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அவர் எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் திருத்திவிட்டார். பென்சில் அவருடையதுதான். ஆறாம் பகுதிக்குக் கீழே மதிப்பெண்கூட இருக்கிறது: "பி பிளஸ். ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். நான்காம் பகுதிவரை உண்மையைத் தள்ளிப்போட்டது குறை. என் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு பார்த்திருக்கிறாயா? மூடியில் பெயர் எழுதியது நான். டப்பாவில்தான் எழுதியிருக்க வேண்டும்."

மறுநாள் நான் தொட்டி கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று தூரிகைகளை அலசினார்.

"லேனிகிட்ட எதுவும் சொல்லிடாதே நெட்," என்றார். என் முழுப்பெயர் நெரிடா. "டீச்சர் தப்பு பண்ணினா பிள்ளைங்க ஒரு மாசத்துல மறந்துடும். க்ளீனர் பண்ணினா ஊரே பத்து வருஷம் பேசும். நான் எப்படியும் பெட்டி கட்டிப் பழகினவ."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

"அப்புறம், சோபா மஞ்சள்," என்றார். "மறக்காம மாத்திடு."

மாற்றவில்லை. பென்சில் அழகாக இருக்கிறது.

8.

இனிமேல் பென்சில் வராது. இது அவர் படிக்காத பகுதி.

நவம்பர், திங்கட்கிழமை. விருப்பப் பாடப் படிவங்களுக்குக் கடைசி நாள். எட்டாம் வகுப்பின் பெட்டி ஓவிய அறையில்தான் இருந்தது, மேலே ஒரு பிளவு, சுற்றிலும் மிஸ்டர் ட்ரென்கோவ் ஒட்டிய டேப். பள்ளிக்கூடம் விட்டாகிவிட்டது. மிஸ் கே கூட்டத்துக்குப் போயிருந்தார். லேனி தனியாக உள்ளே வந்தாள். கையில் ஐந்து படிவம்.

இந்த இடத்தில் நான் பேசிய நீளமான, அழகான வசனத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய். உண்மையில் நடந்தது: என் கழுத்து சிவந்தது, கையிலிருந்த துணி சொட்டியது.

"மூடி," என்றேன்.

"என்ன?"

"மூடியைக் கழுவினது நான். மாத்திப் போட்டது நான். மிஸ் இல்ல."

இரண்டு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் சேர்ந்தாற்போலப் பேசியது அவ்வளவுதான்.

லேனி வாயில் இருந்த சூயிங்கம்கூட நின்றுவிட்டது. "அப்புறம் ஏன் அவங்க…" என்று ஆரம்பித்தாள்.

திரும்பி நின்று, ஜாடியிலிருந்து ஒரு பென்சிலும் அழிப்பானும் எடுத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து படிவத்திலும் ஏதோ அழித்தாள், ஏதோ எழுதினாள். ஒவ்வொன்றாகப் பிளவுக்குள் போட்டாள்.

9.

பெட்டியை மறுநாள் திறந்தார்கள். பதினைந்தா, பதினான்கா, பத்தா என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை.

பி பிளஸ்காரி என்பதால் வேறு சில முடிவுகளைத் தருகிறேன். லேனி ஓவியத்திலிருந்து மரவேலைக்கு மாற்றியிருக்கலாம்: ஒரு பொய்யை மன்னிப்பது ஒரு தப்பை மன்னிப்பதைவிடக் கஷ்டம். மரவேலையிலிருந்து ஓவியத்துக்கு மாற்றியிருக்கலாம். அவளுடையதை மட்டும் மாற்றிவிட்டு மற்ற நான்கிலும் "உன் இஷ்டம்" என்று எழுதியிருக்கலாம். அவளிடம் அதையும் எதிர்பார்க்கலாம். உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுக்கும்முன், நான் கடைசியாகப் பார்த்ததையும் பார்த்துவிடுங்கள். மேசையில் அழிப்பான் தூள் கிடந்தது. துடைப்பது என் வேலை, துடைக்கவில்லை.

லேனி அலமாரிக்குப் போனாள். குவளையிலிருந்து நீல ரிப்பனை அவிழ்த்து, மூடி பளபளக்கும் பதினொரு டப்பாக்களில் ஒன்றின்மேல் வைத்தாள். எந்த டப்பா என்று பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை. பழுப்புக் குவளையைத் தொட்டியில் அலசி, பாவாடையில் துடைத்து, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் துடைத்துவைத்திருந்த ஈரத்தரையைச் சுற்றி ஓரமாக நடந்து வெளியே போனாள்.