காலிப் பெட்டியும் எங்கள் ஆறும்

எங்கள் மாகாண ஆளுநர் தேர்தலில் மப்பங்காரா ஒருவர்தான் நின்றார். கட்சிகள் எல்லாம் அவர் பின்னால் போய்விட்டன. எதிர்த்து நிற்க ஆள் இல்லையென்றால் சட்டப்படி காலிப் பெட்டி நிற்கும். வாக்குச்சீட்டில் ஒரு கட்டத்தில் அவர் படம், பக்கத்துக் கட்டத்தில் ஒன்றுமில்லை. பிடித்த கட்டத்தில் ஆணியால் குத்த வேண்டும்.

குடியிருப்புத் தலைவனான நான் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். அவர்மேல் பாசமெல்லாம் கிடையாது. எனக்கு வேண்டியது பாலம். என் மனைவி ஹஸ்னா தேங்காய்ப்பால் சோற்றை வாழையிலையில் கட்டி அவித்த புராசாவைக் கூடையில் சுமந்து, ஆற்றில் இறங்கித்தான் அக்கரைச் சந்தைக்குப் போவாள். போன மழைக்காலத்தில் வெள்ளம் கூடையைக் கொண்டுபோனது. மூங்கில் புதர் கைக்கு எட்டாதிருந்தால் அவளையும் கொண்டுபோயிருக்கும். அதிலிருந்து அவள் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

தொலைக்காட்சி விவாதத்தில் மப்பங்காராவுக்கு எதிரே ஒரு பெட்டியை வைத்து, அதற்கும் மைக் கொடுத்திருந்தார்கள். நியாயம் என்றால் நியாயம். அவர் பேசி முடித்ததும், "இப்போது காலிப் பெட்டியின் நேரம்" என்றார் அறிவிப்பாளர். மாகாணமே மௌனத்தைக் கேட்டது. மூன்றாவது சுற்றில் மனிதர் பொறுமை இழந்து பெட்டியைப் பார்த்துக் கத்தினார்.

"பாருங்க, எவ்வளவு மரியாதையா நிக்குது. குறுக்க ஒரு வார்த்தை பேசல," என்றாள் ஹஸ்னா.

"பெட்டி பாலம் கட்டுமாடி?"

"அவர் கட்டுனாரா?"

அடுத்த வாரம் மப்பங்காராவே லாரியில் பலகைகளோடு வந்து, ஆற்றங்கரையில் அடுக்கச் சொன்னார். "நீங்க எனக்குச் சீட்டுல ஆணி குத்துங்க, நான் பலகையில ஆணி அடிக்கிறேன்," என்றார். எல்லோரையும் முந்திக் கைதட்டியவன் நான்தான். கூட்டம் கலைந்தபின் பலகைகளைத் தடவிப் பார்த்தேன். மேல் பலகையின் ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் கறை. ஐந்து வருடத்துக்கு முன் அவர் இதே கரையில் இறக்கி, தேர்தல் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போன பலகை. அந்தக் கறை, அப்போது அவருக்காகச் சுவரில் எழுதும்போது நான் சிந்தியது. கறை தெரியாதபடி பலகையைத் திருப்பிப் போட்டேன். பழைய பலகையானாலும் பாலம் பாலம்தானே?

வாக்களித்தோம், விரலை மையில் முக்கினோம், எண்ணிக்கையைப் பார்க்க உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு பசோதான் வாக்குச்சாவடி அதிகாரி. ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்தில் தூக்கி ஓட்டையைக் காட்டினான்.

"காலிப் பெட்டி!"

"செல்லும்!" என்றது கூட்டம்.

கடைசிச் சீட்டுவரை அதுவேதான். மப்பங்காராவுக்கு ஒன்றுகூட இல்லை.

பசோ என்னைத் திரும்பிப் பார்த்தான். "தலைவரே, உங்க ஓட்டு ஒண்ணாவது இருக்கணுமே?"

ஊரே என்னைப் பார்த்தது. மானம் கப்பலேறியது. நான் என்ன செய்ய? சீட்டில் அவர் சிரிப்பைப் பார்த்ததும் அந்தச் சிவப்புக் கறை நினைவுக்கு வந்தது, ஆணி பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது.

மாகாணம் முழுக்கக் காலிப் பெட்டிதான் ஜெயித்தது. ஆட்கள் பாட்டுப் போட்டு, ஒரு பெட்டியைத் தோளில் தூக்கி ஊர்வலம் போனார்கள். மறுநாள் லாரி வந்து பலகைகளை ஏற்றிக்கொண்டது. வானம் கறுத்திருந்தது. கூடை கட்டிக்கொண்டிருந்த ஹஸ்னாவிடம் எரிந்து விழுந்தேன்.

"போ, ஜெயிச்ச பெட்டிகிட்டயே கேளு."

அவள் நிதானமாக முடிச்சைப் போட்டாள். "கேட்டா என்ன? சாவடிக் கூடத்துல பழைய அலுமினிய ஓட்டுப் பெட்டியெல்லாம் சும்மாதானே கெடக்கு. அட்டைப்பெட்டி வந்ததுக்கப்புறம் யார் தொடுறா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பசோ வீட்டுக்கு ஓடினேன். சீட்டுப் போடும் துளை மேலே இருக்கும்படி பெட்டிகளை வரிசையாக நீரில் மிதக்கவிட்டு, இரு கரையிலும் கயிற்றால் கட்டி, மேலே மூங்கில் பரப்பினோம். நான் ஏறி நின்றும் முழுகவில்லை.

முதலில் ஹஸ்னாதான் போனாள். கீழே ஆறு சீறிக்கொண்டிருந்தது. நான் கரையில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தாள், பாதம்கூட நனையவில்லை.

"ஏங்க," என்று கத்தினாள், "அடுத்த தேர்தல்லயும் இதுக்கே குத்துங்க."

அன்று மத்தியானம் அவள் வரும் முன்பே சாப்பிட்டுவிட்டேன்.