ஔதக்குட்டி எழுந்து போகிறார்

1.

இந்தக் கதை கோட்டயத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் மூத்திரப் பிரிவு வாசலில் எனக்குக் கிடைத்தது. சிநேகிதர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். சுவரை ஒட்டி நாற்காலிகள், எல்லாவற்றிலும் தலை நரைத்த ஆண்கள், எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில். ஸ்கேன் எடுக்க வயிறு முட்டக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமாம். அடக்க முடியவில்லை என்றுதானே வந்திருக்கிறார்கள்? அவர்களிடமே அடக்கு என்றால்! அங்கே இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. முன்கதையை வீட்டுக்கு வந்து நானாகக் கட்டினேன்.

2.

"மீனச்சிலாற்றின் கரையில் ஔதக்குட்டி என்றொருவர்..."

வேண்டாம். தண்ணீர் ஓடுகிற எதையும் இந்தக் கதைக்குள் விடக் கூடாது. பாவம், அந்த மனுஷர் தாங்க மாட்டார்.

"ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான ஔதக்குட்டி, வேலைக் காலம் முழுக்க நின்றுகொண்டே..."

சவசவ என்று இருக்கிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். ஔதக்குட்டி சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடுகிறார் என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

3.

ஊர் வாசகசாலையின் பின்னறையில் மத்தியானம் நாலு பேர் 'இருபத்தெட்டு' ஆடுவார்கள்; இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்டு ஆடுகிற சீட்டாட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஔதக்குட்டிக்கு ஜோடி பாஸ்கரக் குறுப்பு, ரிட்டயரான கணக்கு வாத்தியார். இருவருக்கும் கல்யாணத்துக்கு முந்தின சிநேகம். எதிர் ஜோடி ரப்பர்க் கடை சாக்கோச்சனும் அவர் மச்சானும். தோற்ற ஜோடி காதில் குணுக்கு* மாட்டிக்கொள்ள வேண்டும்.

(* நூலில் கட்டிய தென்னங்குரும்பை. ஜெயிக்கும்வரை கழற்றக் கூடாது. நடுவில் டீ குடிக்கப் போனாலும் அதோடுதான் போக வேண்டும். பெரிய மனுஷன், சின்ன மனுஷன் என்ற பேச்சே கிடையாது.)

கக்கூஸுக்குப் போகும் கதவு சாக்கோச்சனின் முதுகுக்குப் பின்னால். ஔதக்குட்டி ஆட்டத்துக்கு ஆட்டம் எழுந்து போனார். சாக்கோச்சன் முதலில் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். இத்தனைக்கும் தோற்றுக்கொண்டிருந்தது ஔதக்குட்டி ஜோடிதான். குறுப்பு இப்போதெல்லாம் கையில் ஒன்றுமில்லாமலே ஏலத்தை ஏற்றிவிட்டு, மளமளவென்று சீட்டை இறக்கி ஆட்டத்தை முடித்துவிடுவார். கணக்கு வாத்தியாருக்கு என்ன ஆயிற்றோ!

ஓணத்துக்குப் பக்கத்து ஊர் வாசகசாலையோடு பந்தயம். அது நெருங்கின ஒரு நாள் சாக்கோச்சனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஔதச்சேட்டா, என் சீட்டைப் பார்க்கணும்னா கேளுங்க, காட்டிடறேன். சும்மா சும்மா நடந்தா கால் வலிக்காதா?"

இங்கே ஔதக்குட்டி உள்ளதைச் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. எழுதுகிறவன் நான்தானே என்று, "எனக்கு அடிக்கடி மூத்திரம்..." என்று எழுதிப் பார்த்தேன். அந்த வாயிலிருந்து அது வரவே மாட்டேன் என்றது. வந்தது இதுதான்:

"ஆமாடா, பார்த்தேன். அதுக்கென்ன இப்போ?"

எனக்கே பகீர் என்றது. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த குறுப்பு சீட்டை மேஜையில் வைத்தார். கள்ளாட்டக்காரனோடு இனிமேல் சேர்ந்து ஆட முடியாது, ஓணத்துக்கு வேறு ஜோடி பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஔதக்குட்டியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

(குறுப்புக்கு ஏன் அத்தனை அவசரம்? அவருக்கு... இல்லை, இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

4.

வீட்டில் ஏலியாம்மா கப்பக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறிக்கொண்டே விஷயத்தைக் கறந்துவிட்டாள். இவளை வைத்துக்கொள்வதா என்று எனக்கு யோசனை. புருஷனைத் திருத்துகிற மனைவி கதைகளில் மலிவாகக் கிடைப்பாள். வெட்டிவிடலாம் என்று பேனாவை எடுப்பதற்குள் பேசிவிட்டாள்.

"கள்ளன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க, மூத்திரம்னு சொல்ல வாய் வரலையா? நாளைக்கே டாக்டரைப் பார்க்கலைன்னா, நானே வாசகசாலைக்கு வந்து மைக் போட்டுச் சொல்லுவேன்."

சரி, இருக்கட்டும். இவளை என்னால் வெட்ட முடியாது.

5.

இனிக் கொஞ்சம் கட்டுரை. இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் இதைப் படிக்க வேண்டியவர்கள். மூத்திரப்பைக்கு அடியில், குழாயைச் சுற்றி, ஆண்களுக்கு புராஸ்டேட் என்றொரு சுரப்பி இருக்கிறது. வயதாக ஆக அது பெருத்துக் குழாயை நெருக்கும். பலருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிடும். வேறு வில்லங்கம் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு டாக்டர் ரத்தம் பார்ப்பார், பின்பக்கம் விரல் விட்டும் பார்ப்பார். அந்த விரலுக்குப் பயந்துகொண்டே நம் ஆட்கள்... விடுங்கள். தன் சர்க்கரை அளவை டீக்கடையில் பெருமையாகச் சொல்கிறவன்கூட இதை மட்டும் வெளியே விட மாட்டான்.

6.

ஔதக்குட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால், நேரெதிரே கால்மேல் கால் போட்டு, காலி பாட்டிலோடு பாஸ்கரக் குறுப்பு.

மச்சினனுக்குத் துணையாக வந்ததாகக் குறுப்பு சொன்னார். தானும் அப்படித்தான் என்றார் ஔதக்குட்டி. இரண்டு மச்சினன்களையும் காணோம். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"பாஸ்கரக் குறுப்பு! மூத்திரம் முட்டிடுச்சா?"

குறுப்பு அசையவில்லை. ஔதக்குட்டிதான் மெதுவாகக் கேட்டார்.

"எப்போலேருந்துடா?"

"உனக்கு முன்னாடியே."

"அப்போ நான் எதுக்கு எழுந்து போனேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதைச் சொன்னா என் சங்கதியும் வெளியே வந்துடுமேன்னு பயந்துட்டேன்டா."

"நான் எழுந்து போய்க் கள்ளனானேன். நீ அடக்கிக்கிட்டு அவசர அவசரமா ஆடி என் காதுல குணுக்கு மாட்டினே. ஜோடியே வேண்டாம்னும் சொல்லிட்டே."

குறுப்பு தலையைக் குனிந்துகொண்டார். என்னை மன்னிச்சுடு என்றார்.

7.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். (மூத்திரம் முட்டிக்கொண்டிருக்கும்போது சிரித்தால் என்ன ஆகும்? அடித்துவிட்டேன்.)

இரண்டு: குறுப்பு வாசகசாலையில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறார். சாக்கோச்சன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் பேரைக் கேட்கிறார். (நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.)

மூன்று: ஔதக்குட்டி மன்னிக்கவில்லை. கள்ளன் என்ற பேரோடு...

உண்மையில் என்ன நடந்தது? எனக்குத் தெரியாது. குறுப்பு எழுந்திருக்காததால் நர்ஸ் அடுத்த பேரைக் கூப்பிட்டாள். அது என் பேர். சிநேகிதருக்குத் துணை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அப்படி யாரும் கிடையாது. எல்லார் கையிலும் பாட்டில் என்றேன், என் கையையும் சேர்த்துத்தான். மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்கும்போது எவனாவது கதை கேட்பானா? ஓடினேன். திரும்பி வந்தபோது இரண்டு நாற்காலியும் காலி.

ஔதக்குட்டி என்ன பதில் சொன்னார் என்று இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரமில்லை. ஆனால் முதல் பக்கத்திலிருந்தே காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே அண்ணாச்சி, நீங்கள் முதலில் எழுந்து போய்விட்டு வாருங்கள். இங்கே யாரும் உங்களைக் கள்ளன் என்று சொல்ல மாட்டார்கள்.