கிணற்று மண்ணில் வந்த பல்

விழுப்புரம் ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்த விருத்தாசலத்துக்குச் சுறாப் பல் சேகரிப்பதில் பைத்தியம். எந்தக் காலத்திலோ கடலாக இருந்த திண்டிவனம் பக்கத்து நிலத்தில் கிணறு வெட்டினால், கல்லாகிப்போன பற்கள் மண்ணோடு வரும். வெட்டுகிறவர்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

1958 கோடையில் இருதயமேரி ஒரு பிடிப் பற்களோடு வந்தாள். முந்தின வருஷம் கிணறு வெட்டும்போது மண் சரிந்து அவள் புருஷன் சவரிமுத்து உள்ளே புதைந்துபோனான். ஊற்று பொங்கியதால் உடலை எடுக்க முடியவில்லை. இப்போது ஊற்று வற்றியதால் அதே கிணற்றை மறுபடி வெட்டினார்கள்.

விருத்தாசலம் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ரம்பம் போன்ற விளிம்புள்ள சுறாப் பற்கள். கடைசிப் பல் மட்டும் தட்டையாக, வெற்றிலைக் கறையோடு இருந்தது.

"அதுவும் சொறாவா சார்?"

"இல்லம்மா. மனுசப் பல்லு."

அவள் அழவில்லை. "தெரியும் சார். வேற ஒருத்தர் வாயால கேக்கணும்னுதான் எடுத்துக்கினு வந்தேன்."

அன்றே அவர் அவளோடு போனார். பல் வந்த இடத்தில் கையாலேயே மண்ணைத் தள்ளினார்கள். மறுநாள் சவரிமுத்துவின் எலும்புகள் கிடைத்தன. மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதன் பிறகும் விருத்தாசலம் சேகரிப்பதை விடவில்லை. ஆனால் எந்தப் பல்லைக் கையில் எடுத்தாலும், அவர் நாக்கு தானாகவே வாயிலிருந்த பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.