கடைசி வரிசையில் இரண்டு இருக்கை

பாய்லர்க்காரருக்கு டிக்கெட் எடுத்தது கம்பெனி. வேலையில் ஓய்வு கொடுத்து அனுப்பிவைக்கும்போது, கேட்ட ஊருக்குக் கொடுக்கிற கடைசி டிக்கெட். அவர் மனைவிக்கு எடுத்தது மகள், பிள்ளை பெற்று வெளிநாட்டில் ஒத்தையாகக் கிடக்கிறவள். இரண்டுமே அவள் ஊருக்குத்தான், ஒரே விமானம்தான். ஆனால் இரண்டு டிக்கெட்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. சாதாரண வகுப்பில் இடம் நிறைந்துபோனதும், கம்ப்யூட்டர் அவரைத் தனியாள் என்று எண்ணி பிசினஸ் கிளாசுக்குத் தூக்கிப் போட்டுவிட்டது. அவளுக்கு நடுவில் எங்கோ, இரண்டு ஆம்பளைகளுக்கு இடையில் ஓர் இருக்கை.

"முன்னாடி சீட்டு கட்டில் மாதிரி விரியுமாம். நீ போய்ப் படு" என்றார்.

"உங்களுக்குத்தானே குடுத்தாங்க. மாப்பிள்ளை மாதிரி போய் உக்காருங்க."

"உன் முட்டியைப் பாத்தியா? பந்து மாதிரி வீங்கிக் கிடக்கு."

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்து ஈரத்தரையில் நின்று, ரத்தம் பட்ட விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்தே கெட்டுப்போன முட்டி அது. கட்டில் என்ற சொல்லைக் கேட்ட நிமிடத்திலிருந்து அவளை அதில் கிடத்திப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை.

அவள் கவலை வேறு. பாய்லர் செய்யும் இரும்புத் தகட்டில் சம்மட்டி அடித்து அடித்து அவருடைய இடது காது செத்துவிட்டது. தெருவில் நடந்தாலும் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அவள் அவருக்கு வலது பக்கம்தான்.

"நான் பக்கத்துல இல்லேன்னா நீங்க எல்லாத்துக்கும் தலையாட்டுவீங்க. எந்த ஊர்ல இறக்கி விடுவாங்களோ."

"ஆகாசத்துல எங்கடி இறக்கி விடுவான்? கொண்டா இப்படி."

விமானம் ஏறும் சீட்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். பட்டறையில் அப்படித்தான். கருவி வாங்கக் கொடுக்கிற பித்தளை வில்லை யார் கையில் இருக்கிறதோ அவனுக்குக் கருவி. பெயரை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் விமானத்துக்குப் போகிற வாசலில் இருந்த மெஷின் பெயரைப் பார்த்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வாசல்காரப் பெண் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல ஆம்பளை பேரு இருக்கே."

"என் வீட்டுக்காரர் பேருதான். வெளியாளு இல்ல."

அவளுக்குப் பின்னால் நின்ற பாய்லர்க்காரர் முன்னே வந்து வில்லைக் கதையைச் சொன்னார். அந்தப் பெண் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டாள்.

"அப்படி மாத்திக்க முடியாது சார். அந்த சீட்டு உங்க பேருக்கு மட்டும்தான். நீங்க வேணாம்னா காத்திருக்கற வேற யாருக்காவது போயிடும்."

"எனக்கு வேணாம். இவளுக்குக் குடும்மா."

"அது என் கையில இல்ல. அம்மாவுக்குப் படுக்கை கெடைக்காது. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரணும்னா சொல்லுங்க, வழி பாக்கறேன்."

அவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்ற விமானத்தின் மூக்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கு வந்த கட்டில்.

அவள் அவருடைய வலது முழங்கையைத் தட்டினாள். எது சொல்வதற்கு முன்னும் அவள் தட்டுகிற தட்டு.

"எனக்குக் கட்டில் வேணாங்க. வீட்டுல கட்டில் இல்லாமயா இருந்துச்சு? நீங்க ராத்திரி ஷிப்டு, நான் பகல் ஷிப்டு. தனியாப் படுத்தது போதாதா?"

"மெதுவாப் பேசு. அந்தப் பொண்ணுக்குக் கேக்குது."

"கேக்கட்டும். உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

வாசல்காரப் பெண் தலை நிமிராமல் எதையோ தட்டினாள். யாருக்கோ போன் செய்தாள்.

"வால் பக்கம் கடைசி வரிசை, ரெண்டே சீட்டு. அங்க இருக்கற ரெண்டு பேரும் தனித்தனி ஆளுங்க. ஒருத்தர் முன்னாடி போயிடுவார், இன்னொருத்தர் அம்மா இடத்துக்கு வந்துடுவார். ஆனா பின்னாடி சாயாது. பக்கத்துலயே டாய்லெட்."

"நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி. "இவருக்கு அடிக்கடி போகணும்."

"ஜன்னல் யாருக்கு?"

"அவருக்கு வலது கைப்பக்கம் நான். மத்தது எப்படியும் இருக்கட்டும்."

புதுச் சீட்டுகளை நீட்டும்போது அந்தப் பெண் சொன்னாள்: "ரெண்டு டிக்கெட்டையும் சேத்து புருஷன் பொண்டாட்டின்னு குறிப்பு போட்டுட்டேன். வழியில விமானம் மாறினாலும் பிரிக்க மாட்டாங்க."

"இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் ஒருத்தி எழுதி வச்சிருக்கா" என்று அவள் அவரை இடித்தாள்.

இருக்கை சொன்னபடியே சாயவில்லை. டாய்லெட் கதவு அடித்து அடித்துத் திறந்தது. விமானம் மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்ததும் அவர் நடுவில் இருந்த கைப்பிடியைத் தூக்கினார். குனிந்து, அவள் செருப்பைக் கழற்றினார்.

"ஐயோ, என்னங்க இது, யாராவது பாக்கப்போறாங்க."

"கடைசி வரிசைடி. நமக்குப் பின்னாடி ஆளே இல்ல."

ஜன்னல் பக்கம் முதுகைச் சாய்க்க வைத்து, அவள் இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் நீட்டி வைத்தார். சம்மட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கையை வீங்கிய முட்டியின் மேல், அழுத்தாமல், சும்மா வைத்துக்கொண்டார். முட்டி சூடாக இருந்தது.

அவள் ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் வலது காதுக்கும் எட்டவில்லை. அவர் தலையாட்டவில்லை. குனிந்து, "இன்னொரு தரம் சொல்லு" என்றார்.